மேகக் கணக்கு

பரீட்சை முடிந்துவிட்டது, அதனால் இந்த முறை கொஞ்சம் நீளமான கட்டுரை. டீ போட்டு வைத்துக்கொண்டு உட்காருங்கள் :-)

முதலில் ஒரு சோகக் கதை. கியோம் லெ ஜென்ட்டில் என்று ஒரு பிரெஞ்சு வானியலாளர். சூரியனுக்குக் குறுக்கே வெள்ளிக் கிரகம் நகர்ந்து போவதை அளந்து பார்க்க 1760-ல் பிரான்சிலிருந்து புதுச்சேரிக்குக் கப்பல் ஏறினார். அவர் வந்து சேர்வதற்குள் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. 1761 ஜூன் 6-ம் தேதி அவர் வெள்ளியைப் பார்த்தது நடுக்கடலில், கப்பல் தளத்தில் நின்றுகொண்டு. ஆடுகிற தளத்திலிருந்து எடுத்த அளவு எதற்கு உதவும்? அடுத்த வாய்ப்பு 8 வருஷம் கழித்து. மனிதர் ஊருக்கே திரும்பாமல் இந்தியப் பெருங்கடல் பக்கமே சுற்றிக்கொண்டிருந்து, 1768-ல் மறுபடி புதுச்சேரி வந்தார். இடிந்து கிடந்த கோட்டையில் ஒரு ஆய்வுக்கூடம் கட்டினார். காத்திருந்த நேரத்தில் உள்ளூர்த் தமிழர் ஒருவரிடம் கிரகணம் கணிக்கும் முறையையும் கற்றுக்கொண்டார். 1769 மே மாதம் முழுக்கக் காலை வேளைகள் பளிச்சென்று இருந்தன. ஜூன் 4 காலையில், சரியாக அந்த நேரம் பார்த்து, மேகம் மூடியது. எல்லாம் முடிந்த பிறகு வெயில் அடித்தது. நொந்துபோய் ஊருக்குத் திரும்பினால், அங்கே அவரை இறந்தவர் கணக்கில் சேர்த்துச் சொத்தைப் பங்கு போட்டுவிட்டிருந்தார்கள்.

இந்தக் கதையைச் சொல்கிற எல்லோரும் 'பாவம், துரதிர்ஷ்டசாலி' என்று முடித்துவிடுவார்கள். எனக்கு வேறொன்று தோன்றியது. 1768 ஜூன் 4 காலையில் புதுச்சேரிக்கு மேலே மேகம் இருந்ததா? 1770-ல்? ஒரே ஊரில், ஒரே மாதத்தில், வருஷத்துக்கு வருஷம் மேகம் எவ்வளவு கூடிக் குறைகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தால், தன் அதிர்ஷ்டம் எப்படி இருக்கும் என்றாவது கணக்குப் போட்டிருப்பார். அன்றைக்கு அந்தக் கணக்கு யாரிடமும் இல்லை. இன்றைக்கு, ஆயிரம் கோடி ரூபாய்க்குச் செயற்கைக்கோள் விட்ட பிறகு, இருக்கிறதா? இருக்கிறது, ஆனால் ஓட்டையோடு இருக்கிறது. அந்த ஓட்டை சரியாக நம் தலைக்கு மேலேதான் ரொம்ப நாள் இருந்தது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எனக்கு இதில் ஆர்வம் வந்ததற்குக் காரணம் எங்கள் தாத்தா. பாகூர் கொம்யூனில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். தென்பெண்ணைத் தண்ணீர் பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்கு வரும், ஏரி நிரம்பினால் சம்பா தேறும். வில்லியனூர் பக்கம் ஊசுட்டேரிக்குச் சங்கராபரணித் தண்ணீர். புதுச்சேரிக்கு வருஷத்தில் பெய்கிற மழையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில்தான். அந்த மூன்று மாதம் பொய்த்தால் மீதி ஒன்பது மாதத்துக்குப் போர்வெல்லை நம்ப வேண்டியதுதான். அதனால் தாத்தா ஒரு நோட்டு வைத்திருக்கிறார். 1971-ல் ஆரம்பித்தது. ஒவ்வொரு வருஷமும் ஏரி மதகுப் படியில் எத்தனையாவது படி வரை தண்ணீர் ஏறியது, எந்தத் தேதியில் கோடி போனது, எத்தனை நாள் மப்பும் மந்தாரமுமாக இருந்தது என்று பென்சிலில் குறித்திருப்பார். இந்த நோட்டுக்குப் பிறகு வருகிறேன்.

மேலேயிருந்து மேகத்தைப் பார்க்க ஆரம்பித்தது 1960 ஏப்ரல் 1-ம் தேதி. முட்டாள்கள் தினம்தான், ஆனால் நிஜம். அமெரிக்கா ஏவிய டைரோஸ்-1 என்ற செயற்கைக்கோள் இரண்டு டிவி கேமராவோடு 78 நாள் வேலை செய்தது. அதற்கு முன்னால் கடலுக்கு மேலே மேகம் எப்படி இருக்கிறது என்றால் கப்பல்காரர்கள் எழுதி வைத்ததுதான். கப்பல் போகாத கடலில் மேகம் இருந்ததா இல்லையா, கடவுளுக்கே வெளிச்சம். டைரோஸ் படங்களில்தான் வெப்பமண்டலக் கடல் முழுக்க மேகம் பட்டை பட்டையாகவும் சுருள் சுருளாகவும் ஒழுங்காக அமைந்திருப்பது தெரிந்தது.

அழகான படம் கிடைத்தால் போதுமா? வருஷத்துக்கு வருஷம் ஒப்பிட வேண்டுமானால் எண்ண வேண்டும். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் எண்ணினார்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்த பகுதி. புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் டி.ஆர். சிக்காவும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் சுலோச்சனா காட்கிலும் 1973 முதல் 1977 வரை ஐந்து வருஷம், ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரையிலான தினசரிச் செயற்கைக்கோள் படங்களை எடுத்து வைத்துக்கொண்டு, இந்தியாவுக்கு நேராக மேகம் அதிகமாக இருக்கிற பட்டை எந்த அட்சரேகையில் இருக்கிறது என்று நாள் நாளாகக் குறித்தார்கள். அப்படிக் குறித்ததில்தான் ஒரு விஷயம் வெளிப்பட்டது. கோடையில் இந்தியாவுக்கு மேலே ஒரு மேகப் பட்டை, நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் கடல் மேல் இன்னொன்று. நிலத்தின் மேலே உள்ளது சோர்ந்து போகும்போது, கடல் மேலிருப்பது மெதுவாக வடக்கே நகர்ந்து வந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. சில வாரங்களுக்கு ஒரு முறை இது நடக்கிறது. 1980-ல் இந்தக் கட்டுரை வெளியானது. பருவமழை என்பது பெரிய நிலக்காற்று கடற்காற்று என்று பள்ளிப் பாடத்தில் படித்தோமே, அந்தப் படம் போதாது என்று காட்டிய ஆய்வுகளில் இது முக்கியமானது. 1984-ல் காட்கிலும் உடன் ஆய்வு செய்தவர்களும் இன்னொன்று சொன்னார்கள். கடல்மேல் வெப்பம் ஏறத்தாழ 28 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் பெரிய மேகக் கூட்டம் சேருகிறது. தாண்டினால் கட்டாயம் சேரும் என்றில்லை, தாண்டாவிட்டால் வாய்ப்பு குறைவு. அடுப்பு பற்றினால்தான் பொங்கும், பற்றினாலும் பானையில் ஏதாவது இருக்க வேண்டும் இல்லையா, அந்த மாதிரி.

கண்ணால் பார்க்கிற படத்துக்கு ஒரு குறை, இரவில் தெரியாது. அதனால் வேறு வழி பிடித்தார்கள். பூமி தன் சூட்டைக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. வெறும் தரை, வெறும் கடல் என்றால் நிறைய வெளியே போகும். நடுவில் பெரிய மழைமேகம் வந்து நின்றால், அதன் உச்சி பல கிலோமீட்டர் உயரத்தில் பனிக்கட்டியாகக் குளிர்ந்து கிடப்பதால், கொஞ்சம்தான் வெளியே போகும். ஆகவே வெளியே போகிற கதிரை அளந்தால் எங்கே மழைமேகம் என்று ராத்திரியிலும் சொல்லிவிடலாம். சதுர மீட்டருக்கு 240 வாட்டுக்குக் கீழே இருந்தால் வெப்பமண்டலத்தில் அங்கே நல்ல மேகம் என்று ஒரு கைக்கணக்கு உண்டு. அமெரிக்காவின் நோவா செயற்கைக்கோள்களிலிருந்து இந்த அளவு 1974 ஜூன் முதல் கிடைக்கிறது. நடுவில் 1978-ல் மார்ச் முதல் டிசம்பர் வரை மட்டும் வெற்றிடம். உலகம் முழுக்க ஆராய்ச்சிக்கார்கள் போடுகிற வரைபடங்களில் அந்தப் பத்து மாதம் பொக்கை வாய் மாதிரித் தெரியும்.

தாத்தா நோட்டிலும் 1978 இல்லை! அந்த வருஷம் பெரியப்பா கல்யாணம், யாரும் ஏரிப் பக்கம் போகவில்லையாம். தற்செயல்தான், ஆனால் இதைக் கண்டுபிடித்தபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

இந்த அகச்சிவப்புக் கணக்கு முதன்முதலாகத் தன் வேலையைக் காட்டியது 1982-83-ல். வழக்கமாக பசிபிக் கடலின் மேற்கு ஓரத்தில், இந்தோனேசியாவைச் சுற்றித்தான் வெந்நீர் தேங்கி நிற்கும், மேகமும் அங்கேயே குவியும். எல் நினோ வருஷத்தில் அந்த வெந்நீர் கிழக்கே நகரும், மேகமும் பின்னாலேயே போகும். 1982-83-ல் பசிபிக்கின் நடுவுக்கும் கிழக்குக்கும் மேகம் குடிபெயர்ந்ததைச் செயற்கைக்கோள் வரைபடத்தில் அப்பட்டமாகப் பார்க்க முடிந்தது. இந்தோனேசியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் வறட்சி, பெரு நாட்டில் வெள்ளம், இந்தியாவில் 1982 தென்மேற்குப் பருவமழை குறைவு. வேடிக்கை என்னவென்றால், அதே 1982-ல் மெக்சிகோவில் எல் சிச்சோன் எரிமலை வெடித்து மேலே பரவிய துகள்களால், செயற்கைக்கோள் கடல் வெப்பத்தைக் குறைத்துக் காட்டிக்கொண்டிருந்தது. நூற்றாண்டின் பெரிய எல் நினோக்களில் ஒன்று வளர்ந்துகொண்டிருந்தது பலருக்கும் பிந்தித்தான் உறைத்தது. இதற்குப் பிறகுதான் பசிபிக் முழுக்கச் சுமார் 70 மிதவைகளை வரிசையாக நட்டார்கள். அந்த வேலை 1994-ல் முடிந்தது. வானத்திலிருந்து பார்ப்பது சரியா என்று தண்ணீரில் கை வைத்துப் பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்று புரிந்துவிட்டது.

இப்போது நம் கதைக்கு வருவோம். இந்தியா 1982 ஏப்ரலில் அனுப்பிய இன்சாட்-1ஏ சில மாதங்களிலேயே செயலிழந்தது. 1983 ஆகஸ்ட் 30-ல் சேலஞ்சர் விண்கலத்தில் போன இன்சாட்-1பி ஜெயித்தது. 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுற்றுகிற அதே வேகத்தில் சுற்றி, எப்போதும் இந்தியாவையே பார்த்துக்கொண்டிருந்தது. தூர்தர்ஷன் செய்தி முடிவில் கறுப்பு வெள்ளையில் ஒரு வரைபடமும் அதன் மேல் பஞ்சு மாதிரி மேகமும் காட்டுவார்களே, அது இதன் புண்ணியம். 'வங்கக் கடலில் நிலைகொண்டுள்ள காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்' என்று ஆரம்பித்தாலே ஆயா ரேடியோவை அணைத்துவிட்டு டிவி முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவார் என்று அப்பா சொல்வார்.

சரியாக அதே 1983 ஜூலையில், உலகத்து மேகங்களையெல்லாம் ஒரே கணக்கில் கொண்டுவர ஒரு சர்வதேசத் திட்டம் ஆரம்பித்தது. ஆங்கிலச் சுருக்கத்தில் ஐஎஸ்சிசிபி. அமெரிக்காவின் இரண்டு, ஐரோப்பாவின் ஒன்று, ஜப்பானின் ஒன்று, இந்தியாவின் ஒன்று என்று நிலைத்து நிற்கும் செயற்கைக்கோள்கள் பூமியைச் சுற்றி மாலை மாதிரி நிற்க, எல்லாப் படத்தையும் ஒன்றாகக் கோப்பதாகத் திட்டம். கோத்தார்கள். இந்திய மணி மட்டும் மாலையில் ஏறவில்லை. 1988 ஏப்ரல் முதல் 1989 மார்ச் வரை ஒரே ஒரு வருஷம் இன்சாட்-1பி தகவல் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கிறது. மற்றபடி 1998 வரை இந்தியப் பெருங்கடல் ஒரு பெரிய ஓட்டை. துருவம் துருவமாகச் சுற்றுகிற செயற்கைக்கோள் அவ்வப்போது கடந்து போகும்போது பார்த்ததையும், பக்கத்துச் செயற்கைக்கோள்கள் ஓரக்கண்ணால் பார்த்ததையும் வைத்துத்தான் ஒப்பேற்றினார்கள். பருவமழையின் தாய்வீடே இந்தக் கடல்தான். தினமும் மேகம் நம் தூர்தர்ஷனில் வந்துகொண்டிருந்தது, உலகக் கணக்கில் வரவில்லை! எனக்கு இதைப் படித்தபோது கோபம்தான் வந்தது. இரு பக்கமும் நியாயம் இருக்கலாம், ஆனால் போன பதினைந்து வருஷம் திரும்பி வராதே.

1998 ஜூலையில்தான் ஐரோப்பா தன் பழைய மீட்டியோசாட்-5 செயற்கைக்கோளை 63 டிகிரி கிழக்குக்கு நகர்த்தி வைத்தது. இந்தியப் பெருங்கடலின் மேல் படர்கிற தூசு, புகை, மேகம் மூன்றையும் ஆராய்ந்த இண்டோஎக்ஸ் என்ற பெரிய ஆய்வுக்காக. அந்த ஆய்வை நோபல் பரிசு பெற்ற பால் குருட்சனோடு சேர்ந்து நடத்தியவர் வீரபத்ரன் ராமநாதன். நம்ம பக்கத்துச் சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். இவர் 1989-லேயே, செயற்கைக்கோள் அளவுகளை வைத்து ஒரு பழைய வழக்குக்குத் தீர்ப்பு எழுதியிருந்தார். மேகம் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பிப் பூமியைக் குளிரவைக்கிறது, அதே மேகம் போர்வையாக இருந்து சூட்டைப் பிடித்தும் வைக்கிறது. இரண்டில் எது ஜெயிக்கிறது? மொத்தத்தில் குளிர்ச்சிதான் என்று அந்த ஆய்வு காட்டியது. ஆகவே மேகம் வருஷா வருஷம் குறைகிறதா கூடுகிறதா என்பது சும்மா பொழுதுபோக்குக் கேள்வி இல்லை. கொஞ்சம் குறைந்தாலும் பூமி சூடாகும்.

இங்கேதான் விவகாரமே ஆரம்பிக்கிறது. மேலே சொன்ன மேகக் கணக்கில் 1980-களின் கடைசியிலிருந்து 2000 வரை உலக மேகம் படிப்படியாகக் குறைந்து வருவதாகத் தெரிந்தது. சிலர் குதித்தார்கள், 'பூமி சூடாவதற்குக் காரணம் புகை இல்லை, மேகம் குறைந்ததுதான்' என்று. 2007-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் அமாட்டோ ஈவனும் உடன் இருந்தவர்களும் அந்தக் கோட்டைப் பிரித்து மேய்ந்தார்கள். எங்கள் ஊர்ச் சவுக்குத் தோப்பை நினைத்துக்கொள்ளுங்கள். ரோட்டில் நின்று பக்கவாட்டில் பார்த்தால் இடைவெளியே தெரியாது, பச்சைச் சுவர். ட்ரோனை மேலே விட்டு நேர் கீழே பார்த்தால் மரத்துக்கு மரம் இடைவெளி, வெறும் மண். மேகமும் அப்படித்தான். செயற்கைக்கோள் சாய்வாகப் பார்த்தால் மேகம் அதிகமாகத் தெரியும், நேராகப் பார்த்தால் குறைவாகத் தெரியும். வருஷம் போகப் போகச் செயற்கைக்கோள்கள் கூடின, ஓட்டைகள் அடைபட்டன, சாய்வாகப் பார்த்த இடங்களை நேராகப் பார்க்க ஆரம்பித்தார்கள். 'குறைந்த' மேகத்தில் பெரும் பங்கு மேகம் குறைந்ததால் அல்ல, பார்க்கிற கோணம் நிமிர்ந்ததால். 1998-ல் நம் கடலுக்கு மேல் புதிதாக ஒரு கண் வந்து உட்கார்ந்ததும் அதில் சேர்த்தி.

இன்னொன்றும் நடந்தது. 1984 அக்டோபரில் போன இஆர்பிஎஸ் என்ற செயற்கைக்கோள் வெப்பமண்டலத்திலிருந்து எவ்வளவு ஒளி திரும்புகிறது, எவ்வளவு சூடு வெளியேறுகிறது என்று பதினைந்து வருஷம் அளந்தது. 2002-ல் அதை வைத்து, 1990-களில் வெப்பமண்டலத்தில் மேகம் மாறி, வெளியேறும் சூடு நிறையக் கூடியிருக்கிறது என்று ஒரு ஆய்வு வந்து பரபரப்பானது. பிறகு பார்த்தால், அந்தச் செயற்கைக்கோள் அத்தனை வருஷத்தில் 611 கிலோமீட்டரிலிருந்து 585 கிலோமீட்டருக்கு மெள்ள இறங்கியிருந்தது. அடுப்புக்குக் கொஞ்சம் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தால் அனல் கூடத்தானே செய்யும்? 2006-ல் அதைத் திருத்திக் கணக்குப் போட்டபோது மாற்றத்தின் அளவு வெகுவாகச் சுருங்கியது. முழுக்க மறையவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

இதைப் படித்த அன்று சாயங்காலம் தாத்தா நோட்டை மறுபடி எடுத்தேன். 2000-க்குப் பிறகு சில வருஷங்களில், மழை நன்றாகப் பெய்ததாக எழுதியிருக்கிறது, ஆனால் மதகுப் படிக் கணக்கு குறைவாக இருக்கிறது. எனக்குப் புரியவில்லை. தாத்தாவிடம் கேட்டேன்.

"ஏரி சீரமைப்புன்னு ஐரோப்பாக்காரன் பணத்துல வேலை நடந்துச்சுல்ல, அப்ப மதகைப் புதுசாக் கட்டிட்டாங்கடா. படி மாறிப் போச்சு. பழைய ஆறாவது படி இப்ப நாலாவது."

"அதை நோட்டுல எழுதலையா தாத்தா?"

"எனக்குத்தான் தெரியுமே, எதுக்கு எழுதணும்?"

புதுச்சேரியில் ஐரோப்பிய ஒன்றிய உதவியோடு 84 ஏரிகளைச் சீரமைத்த திட்டம் 1999-ல் ஆரம்பித்தது. எங்கள் நோட்டில் 'தண்ணீர் குறைந்தது' அந்தச் சமயத்தில்தான். அமெரிக்காவில் செயற்கைக்கோள் இறங்கியது, இங்கே படி ஏறியது. அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, ஓட்டையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால் நம் வானத்தைப் பற்றி என்னதான் தெரிந்தது? தெரிந்ததில் எனக்கு ஆச்சரியமானது இதுதான். எல் நினோ என்றாலே டிவியில் வறட்சி என்பார்கள். அது ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவமழைக்குப் பெரும்பாலும் பொருந்தும். நமக்கு, அதாவது வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கிற இந்தக் கரைக்கு, பல நேரம் தலைகீழ். 1997-ல் மாபெரும் எல் நினோ, இங்கே ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்த்தது. 2015-ல் மறுபடி மாபெரும் எல் நினோ, கடலூரும் சென்னையும் மூழ்கியதை நம் வயதுக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டோம். 2016-ல் எல் நினோ போய் எதிர்த்திசைக்குச் சாய்ந்தது, தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்து, அளவெடுக்க ஆரம்பித்த காலத்திலிருந்தே மிக மோசமான வருஷங்களில் ஒன்றானது. நவம்பரில் பணமும் செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள், மழையும் செல்லாமல் போய்விட்டது. டிசம்பர் 2-ல் நாடா என்று ஒரு புயல் பேருக்கு வந்து, வலுவிழந்து காரைக்கால் பக்கம் கரையேறிப் போனது. அந்த வருஷத்துக்குத் தாத்தா நோட்டில் ஒரே ஒரு வார்த்தை: 'தூசி'.

ஆனால் இதையும் சட்டமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2010, 2021 இரண்டும் எல் நினோவுக்கு எதிரான லா நினா வருஷங்கள், புத்தகப்படி நமக்குக் குறைய வேண்டும். இரண்டிலும் நல்ல மழை. பசிபிக் மட்டும் எஜமான் இல்லை, நம் கடலுக்கும் சொந்தப் புத்தி இருக்கிறது. 1997-ல் அவ்வளவு பெரிய எல் நினோ இருந்தும் இந்தியாவின் தென்மேற்குப் பருவமழை சரியாகவே பெய்தது. 2002-ல் சுமாரான எல் நினோவுக்கு ஜூலை மழை பாதியாகக் குறைந்து, நாடு முழுக்க வறட்சி. ஏன்? செயற்கைக்கோள் மேக அளவுகளை வைத்து காட்கில் குழு ஒரு விடை சொன்னது. நிலநடுக்கோட்டை ஒட்டிய இந்தியப் பெருங்கடலில் மேகம் ஆப்பிரிக்கா பக்கம் சேர்கிறதா, சுமத்ரா பக்கம் சேர்கிறதா என்று பாருங்கள் என்றார்கள். 1994, 1997 போல மேற்கே சேர்ந்தால் இந்தியாவுக்கு நல்லது. கிழக்கே சேர்ந்தால் கஷ்டம். இந்த ஊஞ்சலைத்தான், 1998 வரை உலகக் கணக்கில் ஓட்டையாக இருந்த அதே கடலில் பார்க்க வேண்டியிருந்தது.

ஓட்டையை அடைக்க இந்தியாவும் பிறகு சும்மா இருக்கவில்லை. வானிலைக்கென்றே தனியாக முதல் செயற்கைக்கோள் 2002 செப்டம்பர் 12-ல் போனது. 2003 பிப்ரவரியில் கல்பனா சாவ்லா இறந்த சில நாளில் அதற்குக் கல்பனா-1 என்று பேர் வைத்தார்கள். அப்புறம் வந்ததுதான் நம் ஊருக்காரர்கள் சொந்தம் கொண்டாட வேண்டியது: மேகா-ட்ராபிக்ஸ். இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து செய்தது. 'மேகா' என்பது சமஸ்கிருத மேகம், 'ட்ராபிக்ஸ்' என்பது பிரெஞ்சு வெப்பமண்டலம். பேரிலேயே புதுச்சேரி வாசனை. அதில் மழையை அளக்கிற முக்கியக் கருவியின் பேர் என்ன தெரியுமா? மெட்ராஸ்! ஆங்கிலப் பேரின் முதல் எழுத்துக்களைக் கோத்தால் அப்படி வருகிறது, வரவைத்தார்கள் என்றும் சொல்லலாம் ;-)

2011 அக்டோபர் 12-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது. மற்றச் செயற்கைக்கோள்கள் மாதிரி துருவத்துக்குப் போகாமல், நிலநடுக்கோட்டுக்கு வெறும் 20 டிகிரி சாய்வில், 867 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பமண்டலத்தையே சுற்றிச் சுற்றி வந்தது. அதனால் ஒரே இடத்தை ஒரு நாளில் பல முறை பார்க்கும். மேகத்தின் உச்சியை மட்டும் பார்த்து ஏமாறாமல், மைக்ரோவேவ் அலையால் மேகத்துக்குள்ளே தண்ணீர் எவ்வளவு, பனிக்கட்டி எவ்வளவு என்று பார்க்கக் கூடியது மெட்ராஸ். 'மேகம் வேறு, மழை வேறு' என்பது மாசி மாதத்து வெண்மேகத்தைப் பார்த்து ஏமாந்த எல்லா விவசாயிக்கும் தெரியும், செயற்கைக்கோளுக்கு அதைச் சொல்லித் தர இவ்வளவு செலவானது. அது மேலே போன மூன்றாவது மாதம், டிசம்பர் 30-ல், தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறி எங்கள் முந்திரி, பலா, தென்னை எல்லாவற்றையும் சாய்த்தது.

மெட்ராஸ் கருவி 2013 ஜனவரியில் நின்றுபோனது. ஒன்றேகால் வருஷம். வருஷத்துக்கு வருஷம் மாறுவதை அளக்க அனுப்பிய கருவிக்கு ஒப்பிட இரண்டாவது வருஷமே முழுசாகக் கிடைக்கவில்லை. கூடப் போன மற்றக் கருவிகள், முக்கியமாகக் காற்றின் ஈரத்தை அளப்பது, வெகு காலம் உழைத்தன. கடைசியில் 2023 மார்ச் 7-ம் தேதி, மிச்சமிருந்த எரிபொருளை வைத்து இஸ்ரோ அதைக் கட்டுப்பாட்டோடு கீழே இறக்கி, பசிபிக் கடலுக்கு மேலே எரியவிட்டது.

இப்போது இன்சாட்-3டிஆர், 2024 பிப்ரவரியில் போன இன்சாட்-3டிஎஸ் எல்லாம் வேலை பார்க்கின்றன. போனிலேயே படம் வந்துவிடுகிறது. 2023-ல் உலக வெப்பம் எதிர்பார்த்ததைவிட எகிறியதற்கு, தாழ்வான மேகம் குறைந்ததும் ஒரு காரணம் என்று 2024 டிசம்பரில் ஒரு ஆய்வு வந்தது. பழைய கோணப் பிரச்சினை தெரிந்தவர்கள்தான் இப்போது கணக்குப் போடுகிறார்கள் என்பதால் நம்பிக்கையோடு படித்தேன்.

அதே சமயத்தில் இங்கே ஃபெஞ்சல். 2024 நவம்பர் 30 ராத்திரி. படத்தில் பார்த்தால் கண் தெளிந்த பெரும் புயல் இல்லை, 'இதுவா புயல்' என்று நண்பர்கள் கிண்டல் செய்துகொண்டிருந்தோம். அது நகராமல் நம் மேலேயே நின்றுவிட்டது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 48.4 சென்டிமீட்டர். அதற்கு முன் பெரிய கணக்காகச் சொல்லிவந்த 2004 அக்டோபர் 31-ன் மழை 21 சென்டிமீட்டர்தான். வில்லியனூர் பக்கம் சங்கராபரணி ஏறியது. எங்களுக்கு அன்றைக்கு வந்த தண்ணீரைவிட இரண்டு நாள் கழித்து வந்ததுதான் அதிகம். ஃபெஞ்சலின் மிச்சம் கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலையில் கொட்ட, சாத்தனூர் அணையில் விநாடிக்கு ஒரு லட்சம் கனஅடிக்கு மேல் திறந்துவிட, தென்பெண்ணை பாகூர் கொம்யூனுக்குள் வந்தது. செயற்கைக்கோள் படத்தில் எங்கள் தலைக்கு மேல் இருந்த மேகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த நான், மேற்கே இருந்த மேகத்தைப் பார்க்கவில்லை.

தண்ணீர் வடிந்து ஒரு வாரம் கழித்து, தாத்தா நோட்டில் 2024-க்கு எதிரே ஒரு கோடு மட்டும் போட்டிருந்தார். ஏன் தாத்தா எழுதவில்லை என்று கேட்டேன்.

"படியே தெரியலைடா. என்னத்த எழுதுறது?"

நான் பக்கத்தில் பேனாவால் 48.4 என்று எழுதினேன். தாத்தா கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இது யார் அளந்தது, எங்க வச்சு அளந்தது, அதையும் எழுது" என்றார். எழுதினேன்.